ரப்பர் செருப்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதலில் ரப்பர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். அது இல்லாமல் வாஷிங் மெஷினை நாங்கள் யாரும் தொடுவதில்லை. லேசாக ஷாக் அடிக்கும், மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக. மும்பை மாட்டுங்காவின் இந்தப் பழைய கட்டடத்தில் எர்த் வயரே கிடையாது. எங்களுக்குப் பழகிவிட்டது.

இன்று தாராவியிலிருந்து வேலைக்கு வரும் செல்வி, தரையைத் துடைத்துக்கொண்டே மெஷினை நகர்த்தினாள். சட்டென்று கையை உதறிவிட்டுச் சிரித்தாள்.

"யக்கா, ஒங்க மெஷினு கடிக்குல்லா! அதுக்குச் சோறு போடலியா?"

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் ஈரத்தில் நிற்கும் அவள் வெறுங்காலைப் பார்த்தேன். அவள் செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது. வேலைக்கு வருகிறவர்கள் அங்கேதான் கழற்ற வேண்டும். நான் போட்ட சட்டம்தான்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"பில்டிங்கே ரீடெவலப்மென்ட்டுக்குப் போகப்போறது. இப்போ போய் எர்த் இழுக்கறதாவது! அவளுக்கும் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடேன்."

எப்போது இடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாத்திரம் கழுவியபின் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் முன்னால் போய் நின்றேன். கையை நீட்டினேன். தொட முடியவில்லை. செல்வி தினமும் தொடுகிறாள்.

மழை விடவில்லை. சுவரெல்லாம் நசநசவென்று இருக்கிறது.

நாளை அவள் வருவதற்குள் மெயினை அணைத்துவிடப் போகிறேன். வயர்மேன் வந்து எர்த் இழுத்து முடிக்கும்வரை போடப்போவதில்லை. இவர் கத்துவார். இருட்டில் உட்கார்ந்து கத்தட்டும்.