விசில் ஊதாத சனிக்கிழமைகள்

25 ஜூலை 1957, வியாழன்

கிடைத்துவிட்டது! மாதர் சங்கத்தின் சனிக்கிழமை உடல்நல வகுப்பு எனக்குத்தான். மலாக்காவின் காஜா பெராங் கிராமத்துச் செட்டிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பதினான்கு பேர். சங்கச் செயலாளர் சாரதாம்பாள் அம்மா சிரிக்கவே மாட்டார் போலிருக்கிறது. "ஆகஸ்ட் இருபத்து நாலு வந்து பார்ப்பேன். பத்துப் பேருக்குக் குறைஞ்சா வகுப்பை மூடிடுவோம்மா" என்றார். மூடினால் நான் ஈப்போவுக்கு, அப்பா வீட்டுக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலை இருந்தால்தான் அண்ணன் வீட்டில் தங்கலாம் என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார்.

மூடுவதா? என் வகுப்பையா? குறிப்பு மட்டுமே பதினொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். புது விசில் வேறு. வீட்டுக்குள் ஊதிப் பார்த்தேன். அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

27 ஜூலை, சனி

பிள்ளைகள் நெற்றியில் திருநீறு. பெயர் சிவகாமசுந்தரி, சந்திரமதி. தமிழ் தெரியாமலா இருக்கும்? தெரியாது! வீட்டில் பேசுவது மலாய். மலாக்கா முழுக்கத் தெரிந்த விஷயமாம், நேற்று வந்த எனக்குத்தான் தெரியவில்லை. "மூச்சை உள்ளிழுத்து நிறுத்துக" என்று வாசிக்கிறேன், பதினான்கு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

என் ஓட்டை மலாயில் இதைச் சொல்ல வராது, செய்தே காட்டிவிடலாம் என்று விசிலை ஊதிக் காலை அகற்றி வைத்தேன். எல்லோரும் காலை ஒட்டிய சாரோங் கட்டியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. சுந்தரி மட்டும் துணிந்து காலை அகற்றி, தடுக்கி விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன்? மறுபடி விசில் ஊதி, "வரிசையில் நில்!" என்றேன்.

3 ஆகஸ்ட், சனி

நான்கே பேர். சுந்தரி வரவில்லை.

ஒழுங்கு தெரியாத பிள்ளைகள் — இல்லை, இது பொய். விழுந்தவளைத் தூக்கக்கூடத் தோன்றவில்லையே எனக்கு. சீ.

7 ஆகஸ்ட், புதன்

சுந்தரி வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவள் அம்மாவும் சின்னம்மாவும் வாசலில் பூக்கட்டிக்கொண்டே பந்துன் என்கிற மலாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நான்கு அடி பாடினால் மற்றவள் நான்கு அடியில் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கிண்டல் செய்தும் ஒன்று வந்தது, புரிந்தது. காப்பி கொடுத்துவிட்டு அம்மா மலாயில் சொன்னார்: "முழங்கை ஆறிடுச்சு. மனசுதான் இன்னும் ஆறல."

மறுபடி பாட ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன். இரண்டு அடியை ஒரே மூச்சில் பாடுகிறார்! வயிறு மெல்ல உள்ளே போகிறது, தோள் அசையவே இல்லை. என் குறிப்பின் ஏழாம் பக்கம்! நானும் பாடிப் பார்த்தேன். அரை அடியிலேயே மூச்சு இளைத்துவிட்டது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். சுந்தரி வெளியே வந்தாள். என் ஓட்டை மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

10 ஆகஸ்ட், சனி

என்ன சந்தோஷம்! குறிப்பை எடுத்துப் போகவில்லை. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். பந்துன் பாட வேண்டும், மூச்சு முறிந்தவர் விலக வேண்டும். முதலில் விலகியது சிகு, அதாவது நான். டீச்சரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் மலாய் தடுமாறிய இடமெல்லாம் சுந்தரி எடுத்துச் சொன்னாள். பதினொரு பேர்!

17 ஆகஸ்ட், சனி

இருபத்திரண்டு. அம்மாக்களும் வந்துவிட்டார்கள். பாய் போதவில்லை!

24 ஆகஸ்ட், சனி

சாரதாம்பாள் அம்மா பட்டுச்சேலையில் வந்து நின்றார். "வரிசை எங்கம்மா? விசில் எங்க?" கை தானாகப் பைக்குள் போனது. விசில் அங்கேதான் இருந்தது. எழுப்பி நிறுத்தி ஒரு டிரில் காட்டிவிடலாமா? ஈப்போ பஸ் கண் முன்னால் வந்து நின்றது. சுந்தரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். "நீங்களும் உட்காருங்கம்மா" என்றேன். நானா சொன்னேன்!

உட்கார்ந்தார். ஒரு அடி பாடுவதற்குள் இருமல். மறுபடி முயன்றார், முறிந்தது. மூன்றாம் தடவை இரண்டு அடியும் முடித்துவிட்டார்! எல்லோரும் கைதட்டினோம். சிரிக்கவில்லை. பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். என்ன அர்த்தம் அதற்கு?

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா! மலாயாவுக்குச் சுதந்திரம்! கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கூட்டத்துக்குள் எங்கிருந்தோ "சிகு! சிகு!" சுந்தரியும் என் பிள்ளைகள் எல்லோரும். சங்கத்திலிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

7 செப்டம்பர், சனி

வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தவர் சாரதாம்பாள் அம்மா. பருத்திச் சேலை, கக்கத்தில் சுருட்டிய பாய். "எனக்கு எந்தப் பக்கம்மா இடம்?" என்றார்.

ஈப்போவுக்கு வரவில்லை என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டாயிற்று. விசில் இப்போது அண்ணியிடம். சாயங்காலம் கோழிகளை அடைக்க ஊதுகிறார். அவை வரிசையாக வருகின்றன.