நீங்கள் வழுக்கி விழவில்லை

ஜெனரல் அங்கிள்,

இன்று காலை தீபாவளிக்கு நம் தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். புகை வாடை வந்ததும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். போன வருடம் இந்த அமெரிக்க ஊரில், சுகர் லேண்டில், இதே தெருவில் இதே வாடையைக் கிளப்பியவள் நான்தான்.

உங்கள் ஆப்பிரிக்க நாட்டில் துப்பாக்கியோடு போய் ஆட்சியைப் பிடித்தவர் நீங்கள். பிறகு நீங்களே தேர்தல் வைத்து, நீங்களே தோற்று, மறுநாளே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர். மகளோடு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தீர்கள். கை நடுங்கி டீ சிந்தும்போதெல்லாம், நாட்டையே கவிழ்த்தவருக்கு ஒரு கப் கவிழாமல் பிடிக்கத் தெரியாதா என்று வம்புக்கு இழுப்பேன். "இதற்கும் நான்தான் பொறுப்பு, எழுதிக்கொள்" என்பீர்கள், முகம் மாறாமல்.

ஒரு நாள் மட்டும் முகம் மாறியது. ஊர்வலம் போன மாணவர்களை உங்கள் படை சுட்டதையும், விசாரணையில் நீங்களே அதை ஒப்புக்கொண்டதையும் உங்கள் மகள் சொல்லியிருந்தார். பழியைக் கீழே இருந்தவர்கள் தலையில் கட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சுட்டது அவர்கள் விரல். சொன்னது என் வாய்."

அன்று எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

அது தெரிந்தும்தான் உங்கள் வாசல் குப்பைத் தொட்டிக்குள் சரவெடியைப் போட்டேன். நீங்கள் துள்ளுவீர்கள், நான் சிரிப்பேன், அவ்வளவுதான் பிளான். நீங்களோ வெறுங்காலோடு ஓடி வந்து, என்னைப் புல்லில் தள்ளி, என்னை மூடிப் படுத்துக்கொண்டீர்கள். வெடி ஓய்ந்ததும் தொட்டியைப் பார்த்தீர்கள். என் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தீர்கள். அடிபட்டதா என்று மட்டும் கேட்டீர்கள்.

அடிபட்டது உங்களுக்கு. இடுப்பெலும்பு.

ஆஸ்பத்திரியில் மகளிடம், புல் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டேன் என்றீர்கள். நான் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. படுத்த படுக்கையில் நிமோனியா வந்து, மூன்றே வாரத்தில் போய்விட்டீர்கள். இறுதிச் சடங்கில் உங்கள் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, அப்பா விழுந்தபோது நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று அழுதார். ஒரு வருடமாக அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இப்போ சொல்லி யாருக்குடி என்ன ஆகப்போகுது?" என்று அம்மா தடுத்துப் பார்த்தாள்.

உங்கள் மகள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஆன்ட்டி."

கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமே வராமல், மெதுவாக. அறைந்து சாத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அங்கிள். கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். எனக்கு அந்தச் சாத்திய கதவே இருக்கட்டும்.