ஆமை ராசாவை உடைத்தது

பங்குனி 17, செவ்வாய்

காற்றே இல்லை. தையல் கடைக்குள் இரண்டு ஃபேன், இரண்டிலும் சூட்டுக் காற்று. உயிர்ப்பு ஞாயிறுக்கு ஓடர் குவிந்து கிடக்கிறது. காலை முழுக்க வெள்ளைச் சட்டைகளுக்குப் பட்டன். வெட்டுத் துண்டு மூட்டையை வாசலில் வைத்தேன், கழுதை ஒன்று வந்து இழுத்துத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டது. ரீட்டா அக்கா: "அதுக்கும் பெருநாள் உடுப்பு வேணுமாம், அளவெடு பிள்ளை." எல்லோரும் சிரித்தார்கள். நானும், சத்தமில்லாமல்.

சாப்பாட்டு நேரம், என் போனில் மாமி மகள் சுஜியின் கார்ட் கேம். ஏ.எல். வகுப்புத் தவணைச் சோதனைக்குப் படிக்கட்டும் என்று மாமி அவளுடைய போனை அலுமாரியில் பூட்டியதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். பாஸ்வேர்டைக் காதுக்குள் சொன்னாள். "ஒவ்வொரு நாளும் வாற சின்ன வேலையள மட்டும் செய்து வை மச்சாள். மிச்சத்த நான் வந்து பாக்கிறன்." வேறு யாரையும் அவள் இப்படி நம்பியதில்லை.

இன்று திறந்ததும் பெரிய அறிவித்தல். முழுக்க இங்கிலீஷ். நியூ தெரிந்தது. செட் தெரிந்தது. லீவ். வருகிற செவ்வாய்த் திகதி. கீழே மூன்று பழைய செட்டுகளின் படம், சாம்பல் நிறத்தில். மற்றதெல்லாம் வெறும் எழுத்து.

பங்குனி 18, புதன்

வெயில். கண் எரிவு.

மொழிபெயர்க்கிற ஆப்பில் படம் பிடித்துப் போட்டேன். "சுழற்சி. உங்கள் பழைய தொகுப்புகள் தரநிலையை விட்டு வெளியேறும்" என்று வந்தது. இங்கிலீஷே பரவாயில்லை.

யாரிடம் கேட்கலாம்:
ரீ. அக்காவின் மகள் - இங்கிலீஷ் மீடியம். "எத்தினையாம் வகுப்போட நிப்பாட்டினனீ?" என்று முதலில் கேட்பாள்.
அப்பா - தெரியாது.
சுஜி - போன் இல்லை.

ஆகவே ஒருவரிடமும் இல்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது, சான்றிதழ் சரியாகும்வரை என்று சொல்லி என்னைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். முழங்கால் மேசைக்குள் போகாது. டீச்சர் ஏதோ கேட்டதற்கு "ஆமா" என்றேன். வகுப்பே "ஆமா, ஆமா" என்று பாடியது. இங்கே ஆமாவுக்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு எதற்குமே வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் போகவும் இல்லை.

பங்குனி 19, வியாழன்

உடைத்துவிட்டேன்.

வெளியேறும் என்றால் போய்விடும் என்றுதானே. நாங்கள் முகாமை விட்டு வந்த கடைசி வாரம் ஞாபகம் வந்தது. ஃபிரிட்ஜ், கட்டில், அம்மாவின் தையல் மெஷின். அப்பா சொன்னார், திகதி போட்டாச்சு, கொண்டுபோக ஏலாததைக் கிடைத்த விலைக்குத் தள்ளு, பிறகு சும்மா விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பக்கத்து வரிசைச் சனம் மெஷினைக் கேட்ட விலை கேவலம். கொடுத்தோம்.

கேமில் ஒரு கார்ட்டை உடைத்தால் தூள் வரும். தூளைச் சேர்த்துப் புதுக் கார்ட் செய்யலாம். மூன்று செட்டிலும் இருந்த எல்லாவற்றையும் உடைத்தேன். ஆமை ராசா என்ற கார்ட்டுக்கு மட்டும், நிச்சயமா என்று இரண்டாம் தரம் கேட்டது மாதிரி ஒரு பெட்டி வந்தது. அமத்தினேன். ஓடு நடுவால் பிளந்து பொடியானது. தூளில் புது செட்டின் நல்ல கார்ட்டுகள் செய்தேன்.

சுஜி சந்தோஷப்படுவாள். நேரத்தோடு யோசித்தாயே மச்சாள் என்பாள்.

பங்குனி 20, வெள்ளி

கட்டாரில் வேலை செய்கிற சுஜியின் அண்ணா ரூபன் மச்சானுக்கு லீவு நாள். சுஜியோடு விளையாட அழைப்பு வந்தது, ஒவ்வொரு வெள்ளியும் வருகிறது. சுஜி சொன்னபடி மறுத்தேன். தங்கச்சிக்குச் சோதனை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுப் பார்ப்பார்.

ஊசி நகத்துக்குள் ஏறிவிட்டது. சட்டையில் ஒரு பொட்டு இரத்தம். எச்சில் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது.

பங்குனி 24, செவ்வாய்

பழைய கார்ட் ஒன்றும் எங்கேயும் போகவில்லை.

காலையில் புது செட் வந்தது. திறந்த களத்துக்குள் தவறுதலாகப் போய்விட்டேன். எதிரே ஆடியவர் நான் உடைத்த கார்ட்டுகளைத்தான் ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு பெடியனின் தமிழ் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது:

நடப்புக் களத்தில் கடைசியாக வந்த செட்டுகள் மட்டும்தான். புதுசு வந்தால் ஆகப் பழையவை அதிலிருந்து இறங்கும். எல்லோரும் ஒரே கார்ட்டுகளோடே வெல்லாமல் இருக்கவும், புதிதாக வருகிறவர்களும் ஈடுகொடுக்கவும் அப்படி. இறங்கினவை செத்துப்போவதில்லை. ஆல்பத்தில் இருக்கும். திறந்த களத்தில் எப்போதும் ஆடலாம். கடைசியில் அவன்: "பயத்தில உடைச்சுப் போடாதேங்கோ மக்களே, அப்பிடியும் சில விசருகள் இருக்குதுகள்."

உடைத்தால் கிடைக்கிற தூள் கொஞ்சம். திரும்பச் செய்ய அதைப்போல பல மடங்கு. நாள் தவறாமல் ஆடினால் பாதியை மீட்கலாம். ஆமை ராசாவை முடியாது. அது ஒரு விழாவுக்குக் கொடுத்த பரிசுக் கார்ட். அதற்குக் கீழே "செய்" என்ற பட்டனே இல்லை.

பழைய ஆட்டங்களைத் தட்டிப் பார்த்தேன். சுஜியும் ரூபன் மச்சானும் ஆடியதெல்லாம் திறந்த களத்தில். எல்லாவற்றிலும் ஆமை ராசா.

வெள்ளியோடு தவணைச் சோதனை முடிகிறது. அன்றைக்கு மாமி போனைக் கொடுப்பா. அதற்கு முதல் நான் சொல்ல வேண்டும்.

பங்குனி 25, புதன்

சொல்லவில்லை. கழுத்துப்பட்டியை மாறித் தைத்தேன். பிரித்தேன். ரீ. அக்கா: "ஆரடி உன்ர மனசில?" முகம் சுட்டது.

பங்குனி 26, வியாழன்

அரைநாள் லீவு கேட்டு, மாமியின் ஊருக்கு நானாட்டான் பஸ். அறுவடை முடிந்த வயலெல்லாம் வைக்கோல். மாமி நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றா.

"என்ன பிள்ளை, வேலை நாளில?"

"சும்மா."

சுஜி பின்னுக்குக் கிணற்றடியில் படித்துக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை.

"சுஜி, உன் கார்ட்டை உடைச்சிட்டேன்."

"எதை?"

"பழைய செட்டு எல்லாம்."

"ஆமை ராசாவையுமோ?"

தலையை ஆட்டினேன். புத்தகத்தை மூடினாள்.

"ஏன்டி என்னட்டக் கேக்கேல்ல?"

"உன்கிட்ட போன் இல்லியே."

"அம்மாவின்ர நம்பருக்கு எடுத்திருக்கலாம்தானே."

எடுத்திருக்கலாம். அது உண்மை. அதனால்தான் மற்றதையும் சொல்லவேண்டி வந்தது. "அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு எனக்குப் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

என் போனை வாங்கி ஆல்பத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணா போன முதல் வருசம். பொங்கலுக்கு வர லீவு குடுக்கேல்ல. அறையில இருந்து என்ர கணக்குக்குள்ள வந்து விளையாடி அதை எடுத்துத் தந்தவர்."

முன்னாலிருந்து மாமி: "அங்க என்ன குசுகுசு? படிக்கிற பிள்ளையக் குழப்பாத!"

சுஜி போனை என் கையில் வைத்தாள். "அண்ணாட்ட ஒண்டும் சொல்லாத. நான் பாக்கிறன்."

போகும்போது மாமி ஒரு பை புது அரிசி தந்தா. வேண்டாம் என்றேன். "பெரிய மனுசி மாதிரிக் கதைக்காத, கொண்டு போ." பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு இருக்கிற உப்புக்குளம் வரை. தூக்கி எறியவும் முடியாது, யாருக்கும் சொல்லவும் முடியாது.

பங்குனி 28, சனி

"நான் பாக்கிறன்" என்றால் என்ன? மறைக்கப் போகிறாளா? எத்தனை வெள்ளிக்கு மறைப்பாள்?

கடை வேலை முடிந்து ரூபன் மச்சானுக்குக் குரல் பதிவு. நான் ஒருநாளும் குரல் அனுப்பியதில்லை, என் பேச்சு இங்கே ஒருவருக்கும் சரிவராது. எழுதலாம்தான். எழுதினால் அழித்து அழித்து அழகாக்கிவிடுவேன். பேசினேன். உடைத்தது நான்தான், வாசிக்கத் தெரியாமல், யாரிடமும் கேட்காமல். மன்னிச்சிடுங்க.

அவருடைய பதில், பின்னால் பஸ் சத்தம்:

"நீ என்ன பிள்ளை சொல்லுறாய்? நேற்றுச் சுஜி எடுத்து, தான்தான் உடைச்சது எண்டவள். புதுக் கார்ட்டுக்கு ஆசைப்பட்டு உடைச்சவளாம். நான் வாயில வந்தபடி பேசிப்போட்டன். அழுதவள். அப்பவும் உன்ர பேரை எடுக்கேல்ல."

பஸ் நின்ற சத்தம்.

"ஆமை போனது கவலைதான். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். சரி, வைக்கிறன். அவளோட கதைக்க வேணும்."

ஏச்சு முழுக்க அவள் வாங்கியிருக்கிறாள். நான் அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பங்குனி 29, ஞாயிறு

குருத்தோலை. ரோட்டில் சனம். நான் வெளியே போகவில்லை.

பத்து மணி போல சுஜியின் நம்பரிலிருந்து அழைப்பு. சத்தம் குறைத்துப் பேசினாள்.

"உனக்கென்ன விசரோ? ஏச்சு முழுக்க நான் வாங்கி முடிச்சாச்சு. சொல்லாத எண்டனான்தானே, பிறகேன் போய்ச் சொன்னனீ?"

"நீ வாங்குனது என்னோடது சுஜி."

கோழி கத்துவது கேட்டது.

"இப்ப அண்ணா எனக்கு எடுத்து மன்னிப்புக் கேக்கிறார். பொய் சொன்னதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்கு விளங்கேல்ல." குரல் உடைந்தது. "உன்னாலதான்டி."

"தெரியும்."

"அம்மா வாறா," என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.