நாலாவது மாடிக் கதவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிட்டு, 'சரிம்மா, வெச்சிடறேன்' என்று முடித்துவிடுவேன். அதற்காகத்தான்.

வேலை தேடுவதற்கு நீ நான்கு பக்கம் யோசனை எழுதி அனுப்பினாயே, ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள் சொல்வது தப்பாகுமா என்று ஒரு வரி விடாமல் செய்தேன். விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே தேடிப் போங்கள் என்றாய். போனேன். முப்பது இடங்கள் எழுதிக்கொள்ளச் சொன்னாய். முப்பத்திரண்டு எழுதினேன். இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் முனகுகிறது என்று தெரியாதா?

முடிவெடுப்பவரை நேரில் பார்க்கச் சொன்னாய். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஓர் அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த பெண் என் பேரைக் கேட்டாள். நான் 'இருபத்தாறு வருஷம்' என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் பிடி வழுக்கியது.

ஒரு நிமிஷத்தில் நம்மைப் பற்றிச் சொல்லப் பழக வேண்டும் என்றாயே, அதையும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அம்மா அடுப்படியிலிருந்து, 'கல்யாணமான புதுசுலகூட எங்கிட்ட இவ்வளவு பேசலையே நீங்க' என்றாள். நீ சொன்னபடி, போய்வந்த இடங்களுக்கு ஒரு வாரம் கழித்துப் போன் செய்து நினைவுபடுத்தவும் செய்தேன். மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் யாரும் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். இப்படி வேண்டிக்கொள்கிறவனுக்கு எவன் வேலை கொடுப்பான் சொல்.

உன் யோசனைகளோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு கட்டடத்துக்குப் போனால் முதலில் லிஃப்டில் இரண்டு தரம் ஏறி இறங்குவேன். எங்கே உதறுகிறது, எது தேய்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மானேஜர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். வெறுங்கையோடு போவதைவிட அது மேலாக இருந்தது. இரண்டு பேர் திரும்பக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது.

போன மாதக் கடைசியில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்துக்குப் போனேன். கீழே பல் டாக்டர், மேலே சின்னச் சின்ன ஆபீஸ்கள், நாலாவது மாடியில் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் வகுப்பு. கையால் இழுத்துத் திறக்கிற வெளிக்கதவு வைத்த பழைய லிஃப்ட். மேலேயிருந்து படியிறங்கி வந்தவன், நாலாவது மாடியில் அந்தக் கதவின் பிடியைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. லிஃப்ட் பெட்டி கீழே நின்றது. எனக்கு எதிரே இருட்டும் கயிறும்தான். எண்ணெய் வாடையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பெட்டி வந்து நிற்காமல் அந்தக் கதவு திறக்கவே கூடாதம்மா. பூட்டின் நாக்கு தேய்ந்து, பிடிக்காமல் இருந்தது. கதவை மூடிவிட்டு, அதன் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றேன்.

இங்கே உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் ஆட்குறைப்பு என்று உனக்குச் சொன்னேன். அது பொய். என்னோடு வேலை பார்த்த மீசை மாமா படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது என்று சொன்னதும் பொய். ஒரே நாளில் பன்னிரண்டு கட்டடம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கட்டடத்தில் மாடி ஏறாமலேயே 'எல்லாம் சரி' என்று தாளில் கையெழுத்துப் போட்டேன். நாலு நாள் கழித்து வேறு வேலையாக அங்கே போன மாமா, என் கையெழுத்தை நம்பி இரண்டாவது மாடிக் கதவைத் திறந்து காலை வைத்தார். அங்கே பெட்டி இல்லை, குழிக்குள் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு அனுப்பினது அதற்காகத்தான்.

அன்றைக்கு அந்த நாலாவது மாடியிலிருந்து மானேஜர் அறைக்கு ஓடினேன். பயத்தில் வாயில் என்ன வந்தது தெரியுமா? கண்ணாடி முன் பழகிய அந்த ஒரு நிமிஷப் பேச்சுதான் வந்தது. 'இருபத்தாறு வருஷ அனுபவம்' என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகுதான் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'வேலை வேணும்னா நேரா கேளுங்க சார், பயமுறுத்திக் கேக்காதீங்க' என்றார். போன வாரம்தான் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்லி ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'எல்லாம் சரி' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து.

எனக்கு வேலையே வேண்டாம், வேறு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், இப்போது லிஃப்டை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் என் தோளில் கை வைத்தார். சுவரில் மணி மூன்றரை. நாலு மணிக்குப் படம் வரையும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நான் உள்ளே வரும்போது வாட்ச்மேனே சொல்லியிருந்தார். அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது: 'சார், இதே மாதிரி பாக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். அதனால ஒரு மனுஷன் இன்னிக்கும் கம்பு ஊணித்தான் நடக்கிறாரு.' அதுவரை நானாக யாரிடமும் சொல்லாதது.

அவர் எழுந்து என்னோடு நாலு மாடியும் நடந்தே ஏறினார். தன் கையாலேயே பிடியை இழுத்தார். திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே கீழே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிள்ளைகள் படியேறி வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. நான் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு அந்த லிஃப்ட் கதவை மறைத்து நின்றேன்.

அங்கே எனக்கு வேலை கிடைக்கவில்லை. 'நீங்க சொன்னதக் கேட்ட பிறகு உங்களுக்கு எப்படி சார் குடுப்பேன்?' என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் பட்டியலில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசை என்று சொல்லும்படி எழுதியிருந்தாய். கேட்டார்கள். நான் நடந்ததையே சொன்னேன். முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார். வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்து ஓடப் பார்த்தேன் என்று கேட்காதே. மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். என்னைவிட இருபது வயது சின்னவர் ஒருவருக்குக் கீழே வேலை. எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது. அவமானமாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது, மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. ஆனாலும் திங்கட்கிழமை லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும் என்று நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் நேற்றுச் சொன்னேன். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். நான் கை கழுவும்போது, 'பொண்ணுக்கு நீங்களே எழுதுங்க, நான் சொல்ல மாட்டேன்' என்றாள்.

உனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம், 'எங்கப்பா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது' என்று சொல்லி வருகிறாயாம். இனிமேல் அப்படிச் சொல்லாதே அம்மா.

மீசை மாமாவைப் பார்க்கப் போக வேண்டும். அவர் தெரு முனை வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். லீவு கிடைக்கும்போது வா. நீ பக்கத்தில் நின்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன் என்று தோன்றுகிறது.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். பதில் எழுது. திட்டியாவது எழுது, கண்ணு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன்,
அப்பா