எடையாக உட்கார்ந்தவனுக்கு

இன்று காலை புது கேபினின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. புது ரப்பர், சீட்டுக்கு ஒட்டிய பசை, சூடேறிய ஒயர். ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனைக்குள் நீதான் உட்காருவாய், நான் வெளியே நிற்பேன். இப்போது நீ இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஒரகடத்தில் அந்தத் தகரக் கொட்டகைக்கு நாம் இருவரும் வாட்ச்மேனாகத்தான் வந்தோம். நான் மண்ணூர்க்காரன். நீ கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து சுங்குவார்சத்திரம் லாட்ஜில் அறை எடுத்திருந்தாய். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று முதல் மாதம் நமக்கு விளங்கவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான கேபின். பறக்காது. ஆறு இரும்புக் கால்கள் மேல் நின்றபடி சாயும், குனியும், குலுங்கும். காலியாக இருந்தால் ஒரு மாதிரி ஆடும், ஆள் உட்கார்ந்தால் வேறு மாதிரி ஆடும். அதனால் சோதிக்கும்போது சீட்டில் ஓர் உடம்பு வேண்டியிருந்தது. நம்மில் கனமானவன் நீ. வெளியே சிவப்புப் பொத்தான் பக்கத்தில் நிற்க நான்.

"நம்ம சோலி என்னன்னு தெரியுமாவே? பேசுத மூட்டை" என்பாய்.

"மூட்டைக்கு டீ குடுக்கிறாங்களே, அத நினைச்சு சந்தோசப்படுபா" என்பேன். நீ எனக்கு 'வே' போட்டுப் பேசுவாய். நான் கடைசிவரை 'பா'தான்.

எந்தக் கைப்பிடி எது என்று கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. ஒயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அடையாளம் சொல்லும். முதல் ஓட்டையில் இருப்பது கையால் பிடித்து இழுக்கும் ஸ்டிக், அடுத்ததில் காலால் மிதிக்கும் பெடல். அப்போது அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா ஒயரையும் பிடுங்கித் துடைத்தார்கள். ஸ்டிக்குக்கும் பெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தார்கள். பிறகு ஆளுக்கொன்றாக எடுத்துத் திரும்பச் செருகினார்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி. விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நாமும் தட்டினோம்.

லீவு முடிந்து வந்த அன்று நீ பெல்ட் போட்டு உட்கார்ந்தாய். "பிரேக் பெடலை மெதுவா மிதிங்க" என்று இன்ஜினியரம்மா மைக்கில் சொன்னாள். மிதித்தாய். கேபின் மூக்குக் குப்புறப் பாய்ந்தது. "ஸ்டிக்கை இழுங்க, இழுங்க" என்றாள். நீ இழுத்தாய். நிமிர வேண்டியது ஒருபக்கமாகக் கவிழ்ந்தது. நான் பொத்தானை அடித்தேன். நின்றது. ஆனால் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றது. கால்களில் இருந்த எண்ணெய் அழுத்தத்தை இறக்கினால்தான் நேராகுமாம். அதுவரை நீ தரையைப் பார்த்தபடி பெல்ட்டில் தொங்கினாய். ஹெட்போனில் உன் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

பிறகு உன் குரல் வந்தது. "வே, இருக்கீரா?"

"கீறேன்பா. எதையும் தொடாத."

"ரெண்டு கையையும் மடக்கி அக்குள்ல வச்சிருக்கேன். நீரு பேசிக்கிட்டே இரும்."

என்ன பேசினேன் என்று கேட்டால், பென்னலூர் டீக்கடையில் வடை சின்னதாகிவிட்டதைப் பற்றிப் பேசினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

இறக்கியபின் உனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். மறுநாள், ஓட்டை மாறிச் செருகியிருந்த ஒயரையெல்லாம் சரியாக மாற்றியாயிற்று, உட்காருங்கள் என்றார்கள். நீ ஸ்டூலை விட்டு எழவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய், அத்தனை பேருக்கும் நடுவில். "உக்கார மாட்டேன்னு சொல்லல. அதோட காலு ஆறையும் மொதல்ல செத்த மாதிரி கிடக்க விடுங்க. நான் ஒவ்வொண்ணா தொடுதேன். சரின்னு ஆன பொறவு உசுரு குடுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பல நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் அதற்கென்று ஓர் எண் வைத்தாள். எந்த ஓட்டையில் செருகினாலும் அது தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளும். அதற்கு மேலும், பிரேக் எது என்று திரை முதலில் கேட்கும். உள்ளே இருப்பவன் பெடலை மிதித்துக் காட்ட வேண்டும். வெளியே என் முன்னால் இருக்கும் திரையில் பெடல் படம் பச்சையாக எரியும். எல்லாம் எரிந்தபின்தான் கால்களுக்குக் கரண்டு. நீ "பெடல்வே" என்பாய். "பெடல் எரியுதுபா" என்பேன். அந்தப் பதிலுக்காகத்தான் நீ காத்திருப்பாய் என்பது உன் குரலிலேயே தெரியும்.

எனக்கும் பயந்தான். வெளியே நிற்கிறவனுக்கு என்ன பயம் என்று கேட்டுவிடுவார்களோ என்று சொன்னதில்லை.

மாசி மாதம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை. அந்த அம்மாவும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். சீட்டு எனக்கு வந்தது.

இன்று வந்திருப்பது இரண்டு சீட்டு கேபின். இரண்டு ஸ்டிக், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை; பழைய கேபினில் ஒன்றுதான். புது சூப்பர்வைசர் அவசரத்தில் இருந்தார், மதியம் கேபினை வாங்கும் பார்ட்டி பார்க்க வருகிறார்களாம்.

"தாத்தா, பழைய கேபின் செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணியாச்சு. தொட்டுக் காட்றதெல்லாம் இன்னைக்கு வேணாம். ஏறி உக்காருங்க."

ஏறினேன். பெல்ட்டை மாட்டினேன். இடது ஸ்டிக் எது, வலது எது என்று அந்த மெஷினுக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். கட்டை விரலை மைக் பட்டனில் வைத்தேன்.

"ரெடியா தாத்தா?"

"சார்" என்றேன். "எனக்குப் பயமா கீது."

"இன்னா?"

"பயமா கீது சார். மெஷின் காலை ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொண்ணா தொட்டுட்டு ஆரம்பிப்போம்."

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. "விமானமே இல்லாத விமானத்துல பயமாம்" என்றான் ஒருவன். சூப்பர்வைசர் உச்சுக் கொட்டினார். ஆனாலும் கால்களை நிறுத்தினார். இடது ஸ்டிக்கை அசைத்தேன். வலதை அசைத்தேன். பெடல், கைப்பிடி எல்லாவற்றையும் தொட்டேன். எல்லாம் சரியாகவே எரிந்தன. ஒரு தப்பும் இல்லை.

"பாத்தீங்களா? வீணா லேட்டு. இப்ப பயம் போச்சா?"

"இல்ல சார். அப்படியே கீது."

கால்களுக்குக் கரண்டு வந்தது. கேபின் மேலே எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்கும் என்னைத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கும் பயப்படுவேன். பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.