ஒரு கைக்கான விசைப்பலகை

மார்ச் 4, செவ்வாய்

தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய லினக்ஸ் கணினியைச் சுத்தம் செய்ய. அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடது கை மட்டும்தான். பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறாள். விசைப்பலகையின் வலப்பக்க எழுத்துகளும் இடப்பக்கமே வரும்படி அமைப்புக் கோப்புகளை எழுதிக் கொடுத்தது நான். அதில் எனக்கு ஏகப் பெருமை.

ஒவ்வொரு கோப்பும் இரண்டாகக் கிடந்தது: ஒன்று அதனதன் இடத்தில், இன்னொன்று தனிக் கோப்புறையில். எதற்கு இரட்டை? கோப்புறையை அடியோடு அழித்தேன்.

மார்ச் 5

காலையில் போன். "அக்கா, பாதி எழுத்து என் பக்கம் வரவே மாட்டேங்குது. என்ன பண்ணித் தொலைச்ச?"

அசல் கோப்புகள் அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. மற்ற இடங்களில் இருந்தவை அதற்கு வழிகாட்டும் வெறும் இணைப்புகள். அப்படி வைத்ததும் நான்தான்! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நகலும் இல்லை. ஆபீஸில் 'நகல் எடுங்க, நகல் எடுங்க' என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான்.

வெள்ளிக்கிழமை அவள் புத்தகத்தை முடித்துத் தர வேண்டும். இன்னும் நூற்றைம்பது பக்கம். தவறினால் அடுத்த புத்தகம் வேறு யாருக்காவது போய்விடும்.

மார்ச் 6

லீவு போட்டு அவள் வீட்டுக்குப் போனேன். நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரியிலேயே, "அது வேண்டாம்க்கா."

"ஏன்?"

"அந்த விசை எட்டவே எட்டாது. சுண்டுவிரல் வலி உயிர் போகும்."

"ரெண்டு வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா செஞ்சியே. எப்படிச் சொல்றது?"

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது — யார் மேல்? என் மேல்தான். எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன். "நீயே எழுது. தெரியலேன்னா கேளு."

பதினோரு முறை கேட்டாள்.

மார்ச் 7

புத்தகம் முடியவில்லை. திங்கள் வரை அவகாசம் கேட்டாள். பதிப்பாசிரியர் முனகிக்கொண்டே சரி என்றாராம்.

மார்ச் 10

கொடுத்துவிட்டாள். அப்பாடா.

மார்ச் 23

நகல் வைத்துக்கொள்ளச் சொல்லித் தன் கோப்புகளை அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான்: 'அக்கா, எதையாவது மாத்தணும்னு தோணினா, முதல்ல என்னைக் கேளு.'

ஐந்தாவது வரியை இன்னும் சுருக்கமாக எழுதலாம். போன் செய்து கேட்டேன். வேண்டாம் என்றாள். மூடிவிட்டேன்.