பெருவா, எக்குவடோரா

நவம்பர் 12, செவ்வாய்
விடியவிடிய மழை. பள்ளிக்கூடம் இல்லை. அக்காவின் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கூரை ஒழுக்கு. அதனால் மைக்கிரஸ்கோப்பும் சிலந்திப் போத்தல்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில். தென்னமெரிக்கக் காட்டுச் சிலந்திகள், மதுசாரத்தில் ஊறுகின்றன. "குடிகாரச் சிலந்திகள்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு கடதாசித் துண்டு: எந்த நாடு, எந்தக் காடு. பென்சிலால். பேனை என்றால் கரைந்துவிடுமாம். யாரோ எப்போதோ வைத்த பெயர்கள் சரியா என்று பார்ப்பதுதான் வேலை. எட்டுக்காலாம். எனக்கு எட்டாத கால்.

அக்கா குளிக்கப் போன நேரம். பெரு போத்தலில் ஒன்று, எக்குவடோர் போத்தலில் ஒன்று. இரண்டும் அம்மாவின் இடியப்பத் தட்டில்.
அம்மாவின் அலறல்: "ஐயோ! டேய் குரங்கு, உன்ரை ரப்பர்ச் சிலந்தியளை எடடா!"
வெற்றி. அவசரமாகக் கழுவித் திரும்பப் போட்டேன். எது எதற்குள்? இரண்டும் ஒரே மண்ணிறம். குத்துமதிப்பு.

நவ. 14, வியாழன்
வெயில். சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும். கணிதம் (நாளைக்கு).
மைக்கிரஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அக்கா கத்தினாள். "அம்மா, ஓடி வாங்கோ! உதை இன்னும் ஒருதரும் எழுதேல்லை. புது இனம்!"
அம்மா குனிந்து பார்த்து, "எங்கடை பாத்ரூமிலையும் உப்பிடி ஒண்டு நிக்குது."
அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பெரு போத்தலில் இருந்ததாம். நான் போட்டதா? முதலே கிடந்ததா? போத்தலுக்குள் ஆறு பேர். ஒன்றும் விளங்கவில்லை.

நவ. 15, வெள்ளி
சும்மா கேட்பதுபோல்: "அக்கா, நாடு மாறி எழுதினால் என்ன?"
"பிறகு வாறவன் அது இல்லாத காட்டிலை போய்த் தேடுவான். என்ரை பேரைச் சொல்லித் திட்டுவான். முழுக்கப் பிழையடா."
நாளைக்கு வெளிநாட்டுப் பேராசிரியருக்குக் கடிதம் போகிறதாம். கணிதம் செய்யவில்லை.

நவ. 16, சனி
அக்காவிடம் சொல்லிவிட்டேன். தட்டு, கழுவியது, எல்லாம்.
அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பினாள்.
"சரி. உது எந்தப் போத்தலிலை இருந்தது?"
"தெரியாது அக்கா."
"பகிடி விடாதை."
"சத்தியமாத் தெரியாது."
"போன கிழமையும் சத்தியம் பண்ணினனி."
உண்மை. என் செருப்பை நாய் தின்றது என்று. எங்களிடம் நாயே இல்லை.
மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதே பதில். கடிதம் கணினியில் திறந்தபடி, நாட்டின் பெயரை மட்டும் அழித்திருக்கிறாள். நான் எப்போது சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.